சந்தியாகப்பர் குதிரைக்கடியில் கிடந்தவன்

யுத்த காலத்தில் என் கமலைச் சால் காணாமல் போனது. மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைக்கும் பெரிய இரும்பு வாளி. அப்போது புது இரும்பு கிடைக்காது. மதுரைக் கடைகளில் கேட்டால் சிரிப்பார்கள். பரவைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வெங்காயம் ஒரு சாண் வளர்ந்து நின்றது. இன்னும் ஐந்தாறு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் கருகிவிடும். வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போயிருந்தார். அந்த வெங்காயத்தை நம்பித்தான் வீடு.

எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். என் கொழுந்தன். அடுத்த தோட்டம் அவனுடையது. அவன் சால் அடி ஓட்டையாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் புலம்பித் தீர்த்தான். என் சால் காணாமல் போன அன்றிலிருந்து புலம்பலை நிறுத்திவிட்டான்.

கேட்டேன்.

“ஏ மதினி, நானா எடுப்பேன்? எந்தச் சாமி முன்னால வேணும்னாலும் சத்தியம் பண்றேன்” என்றான். களத்தில் நாலு பேர் கேட்கத்தான் சொன்னான்.

அவன் சத்தியம் எனக்குத் தெரியும். பக்கத்து வரப்பை வெட்டிவிட்டு, வெட்டவில்லை என்று கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியவன். மறுநாளே ஒரு சேவலை அறுத்துச் சரிக்கட்டினான். “கருப்பன் நம்ம வீட்டாளு மதினி. கோவிச்சுக்கிட்டா ஒரு சேவல், அம்புட்டுத்தான்” என்று என்னிடமே சொன்னான்.

அதனால் சொன்னேன். “சந்தியாகப்பர் முன்னால பண்ணு.”

நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் வாயை விட்டாகிவிட்டது. ஞாயிறு என்று முடிவானது.

சமயநல்லூர் போகும் வழியில் கிறிஸ்தவர்கள் இருக்கும் வேதக்காரத் தெரு. அங்கே ஒரு சின்னக் கோயில். உள்ளே சந்தியாகப்பர் படம், பலகையில் எழுதியது. எப்போது எழுதியது என்று கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியாருக்கே தெரியாது. “எங்க தாத்தா காலத்துலயே இது பழசு” என்பார். குதிரை வெள்ளையாம். மெழுகுவத்திப் புகையில் செவலையாகிவிட்டது. மேலே சந்தியாகப்பர் வாளை ஓங்கியிருப்பார். குதிரைக் காலடியில் ஒருவன் தலைப்பாகையோடு மல்லாந்து கிடப்பான். வாய் திறந்திருக்கும்.

மாட்டுக்கு நோய் வந்தால் எங்கள் ஆட்களும் அங்கே விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோவோம். பொய்ச் சத்தியம் பண்ணினால் விடமாட்டார் என்று பேர். எங்களுக்கு அவர் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. சொந்தம் இல்லாத சாமி முகம் பார்க்காது.

சனிக்கிழமை காலையில் எண்ணெய் கொண்டுபோனேன். உபதேசியார் வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய்ப் படத்தைப் பார்த்தேன். கீழே கிடந்தவனுக்கு என் கொழுந்தனைப் போலவே ஒட்டிய கன்னம். ஒரு குறைதான். கொழுந்தனுக்கு இடது மூக்கோரம் மிளகு மாதிரி ஒரு மச்சம் உண்டு.

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன். மீசையும் கொஞ்சம் மெலிவாக இருந்தது. அதையும் சரிசெய்தேன். சந்தியாகப்பரைத் தொடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கொழுந்தன் வந்தான். கக்கத்தில் சேவல்.

“இது எதுக்குப்பா?” என்றார் உபதேசியார்.

“சும்மா, சாமிக்கு.”

“குடு. ஏலம் விட்டு எண்ணெ வாங்கிக்கிறேன். ஆனா சத்தியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“அப்ப இவருக்கு என்னதான் புடிக்கும்?”

“நெசத்தச் சொன்னாப் புடிக்கும்.”

கொழுந்தன் சேவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

உபதேசியார் மெழுகுவத்தியை ஏற்றிக் கையில் கொடுத்தார். படத்தைத் தொட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஊதி அணைக்க வேண்டும். அவன் கிட்டப் போனான். வெளிச்சம் கீழே கிடந்தவன் முகத்தில் விழுந்தது. குனிந்து உற்றுப் பார்த்தான். பிறகு தன் மூக்கோரத்தைத் தடவிக்கொண்டான்.

“உபதேசியாரே, இந்தக் கீழ கெடக்குறவன் யாரு?”

“சாமிக்கு ஆகாதவன்.”

“பேரு?”

“பேரு தெரியாது.”

“எம்புட்டு நாளா கெடக்கான்?”

“எழுதுன நாள்லருந்து கெடக்கான். எந்திரிக்கவே இல்ல.”

மெழுகு அவன் கையில் சொட்டியது. அவன் உதறவில்லை. என்னைப் பார்த்தான். நான் சந்தியாகப்பரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“மதினி.”

“சொல்லு.”

“சாலு எங்க வைக்கப்போருக்குள்ள கெடக்கு.”

“அது எப்புடி அங்க போச்சு?”

“நாந்தான்... யாரும் தூக்கிட்டுப் போயிறக் கூடாதுன்னு பத்திரமா வச்சேன்.”

உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மெழுகுவத்தியை வாங்கி அவரே அணைத்தார். சேவலையும் வாங்கிக்கொண்டார். கொழுந்தன் முதலில் வெளியே போனான். குதிரைக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனான்.

உபதேசியார் படத்தைக் குனிந்து பார்த்தார். “இந்த மச்சம் முந்தி இல்லையே?” என்றார்.

“பழைய படந்தானே. வயசானா மச்சம் விழும்” என்றேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் கரி இருந்தது. எண்ணெய்ச் சட்டியை மட்டும் கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைத்தார்.

மத்தியானமே சால் கிணற்றடிக்கு வந்தது. மூன்று நாள் அவனே மாடு ஓட்டி என் வெங்காயத்துக்கு இறைப்பது என்று பேச்சு. முதல் நாள் நாலு பாத்தி நனைந்தது. இரண்டாம் நாள் வெங்காயத் தாள் நிமிர்ந்துவிட்டது. அவன் தோட்டமும் காய்ந்துகொண்டுதான் இருந்தது. மூன்று நாள் முடிந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாலை அவன் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் முதலிலேயே கொடுத்திருப்பேன்.

இரண்டாம் நாள் பொழுது சாயும்போது மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“மதினி, நெசத்தச் சொல்லிட்டேன்ல. அவன் இந்நேரம் எந்திரிச்சிருப்பானா?”

“தெரியல. கடைசிப் பாத்தி இன்னும் காயுது. எறச்சு முடி. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அவன் சால் இழுக்கும் வடக் கயிற்றில் ஏறி உட்கார்ந்து மாட்டை அதட்டினான். சால் நிறைந்து மேலே வந்தது.