டிரஸ்ஸர் இல்லம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், பூதலூரில் நாங்கள் புது வீடு கட்டிக்கொண்டிருந்த நேரம். வாசல் கல்லில் 'டாக்டர் இல்லம்' என்று செதுக்க வேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய தாத்தா பட்டாளத்து டாக்டராக இருந்தாராம். சித்தப்பா மகன் விடுவானா? "நடவு நட்ட குடும்பத்துல டாக்டரா? பெரியப்பா நல்லா அளக்குறாங்க" என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே சிரித்துவிட்டான். அப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று சென்னைக்கு ரயில் ஏறினேன்.

பழைய அரசாங்க ஆவணங்களைப் பார்க்க விடும் இடத்தில், பட்டாளத்து டாக்டர்கள் பெயர்களில் அவர் எங்குமே இல்லை. கிளம்பிவிடலாம் என்று எழுந்தபோது பக்கத்து மேசையில் இருந்த அம்மா, "யாரைம்மா தேடுறீங்க?" என்றார். ரிட்டயர்டான நர்ஸ். அவரும் தன் குடும்பத்து ஆளைத் தேடித்தான் வந்திருந்தார். தன் வேலையை மூடி வைத்துவிட்டு என்னோடு உட்கார்ந்தார். சாயங்காலம் வேறொரு பட்டாளத்துப் பதிவேட்டில் அவர்தான் கண்டுபிடித்தார். எங்கள் ஊர், எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர். வேலை மட்டும் 'டிரஸ்ஸர்' என்றிருந்தது.

"அய்யோ, துரைக்கு உடுப்பு மாட்டிவிட்டவரா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அட, என்னம்மா நீங்க! காயத்தைக் கழுவி, மருந்து வச்சுக் கட்டுறவங்க. டாக்டர் அறுத்துட்டுப் போயிடுவாரு. அப்புறம் சீழும் ரத்தமும் இவங்க கையிலதான்."

அவர் தேடி வந்த ஆள் அன்றைக்குக் கிடைக்கவே இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, புண்ணியவதி.

ஊருக்கு வந்து பயந்து பயந்துதான் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப டாக்டர் இல்ல" என்றார். பிறகு, "எல்லாருக்குமா கட்டுப் போட்டாரு? மேல்சாதிக்காரனுக்கும்?"

"அடிபட்டு வந்த எல்லாருக்கும்தாம்ப்பா."

"நம்ம நிழல் பட்டாலே தீட்டுன்னு தள்ளி நிக்க வச்ச காலம்மா அது. அவரு தொட்டுத்தான் அவங்க புண்ணு ஆறியிருக்கு!" கல் செதுக்குகிறவருக்கு அப்பாவே போன் போட்டார்.

இன்று எங்கள் வாசலில் 'டிரஸ்ஸர் இல்லம்' என்றுதான் இருக்கிறது. தையல்காரர் வீடு என்று நினைத்து ஜாக்கெட் துணியோடு வந்தவர்களும் உண்டு. சித்தப்பா மகன் இருந்தால் அவர்களை உட்கார வைத்து முழுக் கதையையும் அவனே சொல்லிவிடுவான். முன்பின் தெரியாத எனக்காகத் தன் தேடலை மூடி வைத்த அந்த அம்மாவையும், முன்பின் தெரியாதவர்களின் புண்ணைக் கழுவிய எங்கள் கொள்ளுத்தாத்தாவையும் என்னால் இப்போது தனித்தனியாக நினைக்கவே முடிவதில்லை.