வலை ஈயத்தில் வார்த்த சன்னம்

எண்பத்து நாலாம் ஆண்டு மாரிக்குச் சற்று முன், தங்கச்சியின் மரவள்ளித் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி ஒன்று இறங்கத் தொடங்கியது. தென்மராட்சியின் கிழக்கு ஓரத்தில், பற்றைக்காட்டை ஒட்டிய நிலம். அந்தப் போகம் அவர்களுடைய வெங்காயம் அழுகிப்போயிருந்தது. பிள்ளைகளோடு தை மாதம் வரை அந்தக் கிழங்கைத்தான் நம்பியிருந்தார்கள். புத்தூரிலிருந்து சைக்கிளில் போய்ப் பார்த்தேன். மேற்குப் பக்கம் உழுதுவிட்டாற்போல் கிடந்தது.

தங்கச்சியின் கணவரிடம், அதாவது என் மச்சானிடம், அனுமதிப்பத்திரத்துடன் ஓர் இடியன் துவக்கு இருந்தது. குழல் வாய்வழியே வெடிமருந்திட்டு இடித்து, சன்னம் என்கிற ஈயக் குண்டை இறக்கி, பின்னால் மருந்தைப் பற்றவைக்கும் கேப் வைத்துச் சுடுவது. மச்சான் நல்ல குறிகாரர். ஆனால் எதைச் சுடுகிறோம் என்பதில்தான் கவனமே தவிர, எதைக்கொண்டு சுடுகிறோம் என்பதில் இல்லை. ஆணித்துண்டு, வெட்டிய ஈயம் என்று கையில் அகப்பட்டதைப் போட்டு இரண்டு தரம் சுட்டிருந்தார். பன்றி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு போய், மறுநாளே திரும்பி வந்தது. கடைகளில் கேப் விற்பதும் நின்றுவிட்டது. அவரிடம் மிஞ்சியிருந்தவை மூன்று.

ஒற்றைச் சன்னம் போடுவோம், அதை நான் வார்த்துத் தெரிவுசெய்து தருகிறேன் என்றேன். துவக்கோடு வந்த வார்ப்பு அச்சு துருப்பிடித்துக் கிடந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்தேன். மச்சான் பழைய கார் பற்றரியின் ஈயத்தைக் கொண்டுவந்தார். நான் கொழும்புத்துறையில் தெரிந்த மீனவர் ஒருவரிடம் கிழிந்த வலையின் ஈயமணிகளை வாங்கினேன். உப்பும் மணலும் சுரண்டவே ஒரு பின்னேரம் போயிற்று.

பற்றரி ஈயத்தில் வார்த்தவை வெள்ளிபோல் மினுங்கின. வலை ஈயத்தில் வந்தவை மங்கல். மச்சானுக்கு மினுங்கியவைதான் பிடித்தன. நான் புத்தூரிலிருந்து கொண்டுவந்திருந்த, பொன் நிறுக்கும் தட்டார் தராசில் இரண்டு வகையையும் எதிரெதிரே வைத்தேன். ஒரே அச்சில் வார்த்திருந்தும் மினுங்கியவை எல்லாம் பாரம் குறைந்திருந்தன. மங்கலானவற்றிலும் இரண்டு மேலே எழுந்தன. ஒன்றைப் பிளந்தேன், உள்ளே ஓட்டை. மிச்சத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் உருட்டி, நேராக ஓடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

“நீர் என்ன, தங்கச்சிக்குத் தோடு செய்யப்போறீரோ?” என்றார் மச்சான்.

இரண்டு கேப்பைச் செலவழித்து இரண்டு வகையையும் பட்ட பனையில் சுட்டுப் பார்க்கவேண்டும் என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“பண்டி என்ன, பனையிலையோ ஏறி நிக்குது?”

குசினிக்குள்ளிருந்து தங்கச்சிதான் பதில் சொன்னாள். “ரெண்டு தரம் உங்கடை கணக்கிலை சுட்டாச்சு. இனி அண்ணையின்ரை கணக்கிலை சுடுங்கோ.”

பனையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தோம். மினுங்கிய சன்னம் ஒரு சாண் தள்ளி மரத்தை உரசிக்கொண்டு போயிற்று. வலை ஈயச் சன்னம் பொட்டுக்குள் இறங்கியது. மச்சான் கிட்டப் போய் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். திரும்பிவந்து துவக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

மறுநாள் விடிகிற நேரம் வேலியோரம் இருந்தோம். தராசில் சரிசமமாக நின்ற இரண்டில் ஒன்றைக் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் துவக்கில் இறக்கினார். பன்றி வந்தது. மரவள்ளி வரிசைக்குள் மூக்கை வைக்குமுன் வெடி கேட்டது. புகை விலகியபோது அது வரம்பில் சரிந்து கிடந்தது.

“விழுந்திட்டுது மச்சான்” என்றார். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொரு தரமும் சொன்னார்.

அங்கே, சுட்டவருக்குப் பின்தொடை என்பது வழக்கம். அயலவர்கள் கூடிநின்று பங்கு போடும்போது மச்சான் அதை எடுத்து என் பக்கம் வைத்தார். அப்ப சுட்டது ஆர் என்று ஒருவர் சிரித்தார்.

“நான் விசையைத்தான் இழுத்தனான். சுட்டது இவரின்ரை தராசு.”

தப்பிய வரிசையில் ஒரு மரம் பிடுங்கி, தங்கச்சி கிழங்கு அவித்து, பன்றிக்கறியோடு தந்தாள். மிச்சக் கிழங்கு தை வரை சாப்பிடக் காணும் என்றாள். இறைச்சிக்குள் அகப்பட்ட சப்பட்டையான சன்னத்தை மச்சான் கழுவிக் கொண்டுவந்து நீட்டினார்.

“இதையும் ஒருக்கால் நிறுத்துப் பாரும்.”

தொடையைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். எதிரே ஒருவரும் வராத இடத்திலும் மணியை அடித்துக்கொண்டே புத்தூர் வரை போனேன்.