ஆறு மாதக் கெடு

என் கல்யாணம் முறிந்ததாகக் கோர்ட்டில் தீர்ப்பாகி நாலாவது மாதம், என் புருஷன் எங்கள் ஊரான கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே ஆறு வருஷமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது.

எனக்குப் பதினேழு வயதில் நிக்காஹ் நடந்தது. அவருக்கு இருபத்து நாலு. எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி அவர்கள் வீடு. அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். ஒன்றரை வருஷம் சேர்ந்து இருந்தோம். பிறகு ரங்கூனில் அரிசி மில்லில் வேலை என்று கப்பல் ஏறினார். மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றாவதில் அங்கே மழை அதிகம் என்றும், பல்வலி என்றும் எழுதியிருந்தார். அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை.

இரண்டு வருஷம் மாமியார் வீட்டில் இருந்தேன். அதன் பிறகு என்னைப் பெற்ற அத்தா வந்து கூட்டிப் போய்விட்டார். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஏலக்காய் மூட்டைகள் வந்து இறங்கும். காம்பு கிள்ளி, பெரிசு சிறிசு பிரித்துக் கொடுப்பது என் வேலை. என்னோடு அந்த வேலைக்கு வந்துகொண்டிருந்தவள் எதிர்ச்சாரியில் குடியிருந்த, விவசாயம் செய்கிற சம்சாரி வீட்டுப் பெண். முதல் புருஷனைப் பஞ்சாயத்தில் அத்துவிட்டு இரண்டாவது கட்டியவள். ஒருநாள் காயைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க சனத்துல சரிப்படலைன்னா அத்துவிட்டுருவாக. ஒங்க ஆளுகள்ல ஆம்பளைதான் சொல்லணுமாமே? அந்த ஆம்பளையே காணாமப் போயிட்டா என்ன செய்வீக?"

இதை யாரிடமும் நான் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின், அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஹஜ்ரத் வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசலில் தொழ வைக்கிறவர் அவர். அவர் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன்.

"நம்ம ஹனபி மத்ஹபுச் சட்டப்படி பாத்தா, காணாமப் போனவருக்குத் தொண்ணூறு வயசு ஆகுற வரைக்கும் உசுரோட இருக்கதாத்தான் கணக்கு" என்றார்.

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அவருக்குத் தொண்ணூறு என்றால் எனக்கு எண்பத்து மூன்று. ஹஜ்ரத்தின் சம்சாரம் சத்தமாகவே கேட்டார்: "அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை யாரக் கட்ட?"

ஹஜ்ரத்துக்குக் கோபம் வரவில்லை. "அதான் மார்க்கம் படிச்ச நம்ம பெரிய ஆலிம்களே கூடிப் பேசி, இதுல மாலிகி மத்ஹபை எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாக. அதுல நாலு வருசந்தான். அதை வச்சுச் சர்க்காரும் புதுசாச் சட்டம் போட்டுருக்கு. பொண்டாட்டியே கோர்ட்டுல போய்க் கேக்கலாம். ஆனா தீர்ப்புச் சொல்ற ஜட்ஜு முஸ்லிமா இருக்கணும்னு சில ஆலிம்கள் சொல்றாக, இல்லைன்னாலும் செல்லும்னு சிலர் சொல்றாக. என்னைக் கேட்டா, வேற வழியில்லாத பிள்ளைக்கு இது செல்லும்."

அத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. கோர்ட்டுப் படி ஏறியவள் என்று ஊர் சொல்லும் என்றார். அண்ணன் இரண்டு மாதம் பேசி அவரை இறக்கினான். வக்கீலிடம் போனபோது அவர் இரண்டு காரணம் எழுதலாம் என்றார். நாலு வருஷமாகத் தகவல் இல்லை என்பது ஒன்று. இரண்டு வருஷமாகச் செலவுக்கு எதுவும் கொடுக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை எழுதினால் தீர்ப்பு உடனே செல்லும். முதலாவது மட்டும் என்றால் தீர்ப்புக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் அவர் வந்து குடும்பம் நடத்தத் தயார் என்று சொன்னால் தீர்ப்பு ரத்தாகிவிடும்.

"சோறு போடலைன்னு எழுதாதீக. எம்மக எங்கனயும் பட்டினி கிடக்கலை" என்றார் அத்தா.

வக்கீல் என்னைப் பார்த்தார். இந்த அளவுக்கு அத்தா இறங்கி வந்ததே பெரிசு என்று நானும் தலையாட்டிவிட்டேன். ஆறு மாதம்தானே என்று நினைத்தேன்.

கேஸ் போட்டதும் மாமியார் வீட்டுக்கு நோட்டீஸ் போயிற்று. மச்சான், அதாவது அவருடைய அண்ணன், வாசலில் நின்று சத்தம் போட்டார். "எந்தம்பி செத்துட்டான்னு நாங்க கையெழுத்துப் போடணுமா?" மாமி சத்தம் போடவில்லை. மறுநாள் மத்தியானம் தனியாக வந்து, என் எதிரே உட்கார்ந்து, ஒரு கை ஏலக்காயை அள்ளித் தானும் காம்பு கிள்ளத் தொடங்கினார்.

"அவன் உசுரோட இருக்கான்னு சொல்றதுக்கு எனக்கு நீ ஒருத்திதான் இருக்க. நீயும் எந்திரிச்சுப் போயிட்டா ஊருல என்ன சொல்லுவாக?"

"மாமி, எனக்கு இருபத்தி நாலு வயசு ஆச்சு" என்றேன். எண்ணெய் தேய்த்துத் தலைவாரி விட்ட கை அவருடையது. நெல் அளக்க அவர் சொல்லிக் கொடுத்த விதத்தைத்தான் நான் இன்றுவரை வைத்திருக்கிறேன். கையிலிருந்த காயை முடித்துவிட்டு எழுந்து போனார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஆனால் கேஸை வாபஸ் வாங்கவும் இல்லை.

பெரியகுளம் கோர்ட்டுக்கு மூன்று தடவை போனேன். வெள்ளைத் துப்பட்டியைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு கூண்டில் நின்றேன். கடிதங்கள் மூன்றையும் கொடுத்தோம். முன்சீப், கடைசிக் கடிதம் எப்போது வந்தது, பிறகு யார் யாரிடம் விசாரித்தீர்கள் என்று கேட்டார். ரங்கூனிலிருந்து திரும்பிய நாலு பேரிடம் அண்ணன் கேட்டதைச் சொன்னேன். மச்சான் சாட்சி சொல்ல வந்தவர், தம்பியிடமிருந்து தங்களுக்கும் கடிதம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதம்.

அந்த வருஷம்தான் யுத்தம் பர்மாவுக்கு வந்தது. அங்கிருந்து காடு மலையெல்லாம் நடந்து வந்தவர்கள் ஒவ்வொரு ஊராக வந்து சேர்ந்தார்கள். அவரும் வந்தார். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸிலிருந்து இறங்கியவரைப் பஸ் நிலையத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். மாமிதான் தெருமுனையில் நடையைப் பார்த்தே ஓடினாராம். அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மாமிக்காக வந்த சந்தோஷம். அடுத்தபடியாக விரல் விட்டு மாதத்தை எண்ணினேன். கெடு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

மச்சான் அன்றைக்கே வக்கீலைப் பார்க்கப் போய்விட்டார் என்று அண்ணன் சொன்னான். அத்தாவோ, "அவுக வந்துட்டாகள்ல, இனி என்ன? அவுக கூடப் போய் இரு ஆத்தா" என்றார். ஊரில் பாதிப்பேர் அதையே சொன்னார்கள். அல்லாஹ் திருப்பிக் கொடுத்ததை வேண்டாம் என்பாயா என்று கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். அண்ணன் கூடத்தில் இருந்தான். நான் கதவோரம் நின்றேன். கன்னம் ஒட்டியிருந்தது; ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அங்கன ஒருத்தி இருந்தா. ஒரு பிள்ளையும். நடந்து வர்ற வழியில பிள்ளை போச்சு. அவ அவுக ஊருக்குத் திரும்பிட்டா. அவ இருந்ததாலதான் எழுதலை. என்னத்த எழுதுறது?"

பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டேன். பெண் என்றார்.

"எங்கண்ணன் கோர்ட்டுக்கு வரச் சொல்றாக. வந்து, கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாப் போதுமாம். ஒனக்கு வேணாம்னா நானே தலாக் சொல்லிர்றேன். நீ சொல்றபடி" என்றார்.

என் அண்ணன் உடனே, "அது நல்லது. தலாக்குன்னா யாரும் ஒரு சொல்லும் சொல்ல முடியாது" என்றான். அவனுக்கும் அலைச்சல் அலுத்துப் போயிருந்தது.

"வேணாம்" என்றேன். "நீங்க தலாக் சொன்னா, ஒதுக்கி விட்ட பொம்பளைன்னு என்னையத்தான் சொல்லுவாக. நான் கேட்டேன், கோர்ட்டுல குடுத்தாக. அது அப்படியே இருக்கட்டும். நீங்க ரெண்டு மாசம் ஒண்ணும் செய்யாம இருந்தீகன்னா போதும்."

"வேற ஒண்ணும் வேணாமா?"

"வேணாம்."

அவர் எழுந்து, அண்ணனுக்கு சலாம் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

அந்த இரண்டு மாதமும் யாராவது வாசலில் நிழலாடினால் கோர்ட்டு ஆள் என்றே நினைத்தேன். மச்சான் வக்கீலிடம் மனு எழுதி வைத்திருந்தார்; தம்பியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மாமி அழுதிருக்கிறார். ஜமாத்தில் நாலு பெரியவர்கள் என் புருஷனைக் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கிறார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், கால் புண் ஆறட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். புண் ஆறியது, கெடுவும் முடிந்தது. அடுத்த கல்யாணத்துக்கு முன் பெண் காத்திருக்கிற இத்தாவும் ஹஜ்ரத் சொன்னபடி மூன்று மாதம் இருந்தேன். இத்தா முடிந்த அன்று மாமி ஒரு தூக்குச் சட்டியில் பாயசம் கொடுத்தனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில் உத்தமபாளையத்துக்காரர் ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். சம்சாரம் இறந்தவர், குமுளிக்கு வண்டியில் அரிசி ஏற்றிப் போகிறவர். என் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கி, இங்கிலீஷ் தெரிந்த வாத்தியாரை வைத்து முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார்.

என் முதல் புருஷன் கூடலூர் சாலையில் டீக்கடை போட்டார். மலை ஏறுகிற வண்டிக்காரர்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள். என் வீட்டுக்காரரும் நிற்பார். இருவரும் சலாம் சொல்லிக்கொள்வார்கள், மழை தண்ணீர் பற்றிப் பேசுவார்கள். அந்த டீயை நான் குடித்ததில்லை. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.