எதிர் வாங்கில் இருந்தவர்

2010 இலையுதிர்காலத்தில், ஹோட்டல் சமையலறை வேலையில் கிடைத்த ஒரு லீவு நாளில், சுவிஸின் பீல் நகரிலிருந்து ஆரே ஆற்றின் வழியே சொலத்தூர்ன் போகும் படகில் ஏறினேன். ஒடுங்கிய, நீண்ட படகு. குளிர் என்பதால் ஆட்கள் குறைவு. எதிர் வாங்கில் ஒரு தமிழர் இருந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்துவரை பூட்டிய சாம்பல் நிறக் கோட்டு. நான் சிரித்ததும் தன் பையைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். யாராவது கடந்து போனால் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அண்ணை எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீர்?"

"சும்மா கதைக்கத்தான்."

"முதல் ஊரைக் கேப்பீர். பிறகு எப்ப வந்தனீங்கள் எண்டு கேப்பீர். போன வருசம் எண்டு சொன்னால், கடைசிச் சண்டையில அவ்வளவு சனம் செத்த இடத்தில நீங்கள் மட்டும் எப்பிடித் தப்பினீங்கள் எண்டு கேப்பீர். இஞ்ச எல்லாரும் அதைத்தான் கேக்கிறியள்."

"நான் அப்பிடிக் கேக்க மாட்டன், அண்ணை."

அது பொய். 'போன வருசம்' என்று அவர் சொன்னதுமே அந்தக் கேள்வி என் நாக்குக்கு வந்துவிட்டது. அவர் அதை என் முகத்திலேயே பார்த்துவிட்டார்.

அடுத்த துறையில் பையோடு இறங்கினார். தான் சொலத்தூர்ன் போவதாக டிக்கெட் சோதித்த பெண்ணிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டிருந்தது. அடுத்த படகுக்கு இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று அவள் ஜெர்மனில் எச்சரித்தாள். அவர் கையை அசைத்துவிட்டு, தூறலில், கரை வாங்கில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அவர்மேல் கோபப்பட எனக்கு நியாயம் கிடைக்கவில்லை. அவர் எப்படித் தப்பினார் என்று அறியும் ஆசையும் இன்னும் போகவில்லை.