பேனரைக் கழற்றிய அம்மா

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நாவல் முழுவதையும் எழுதினேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான கதை. முடித்ததும் பத்தாவது படிக்கும் என் மகளிடம் கொடுத்தேன். "நீ சரின்னு சொன்னாத்தான் பதிப்பகத்துக்கு அனுப்புவேன்" என்று பெரிய மனுஷி மாதிரி வாக்கும் கொடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கதையில் ஒரு பெண் வயதுக்கு வருகிறாள். மஞ்சள் நீராட்டுக்கு மாமன்கள் அவள் படத்தைப் பெரிய பேனராக அடித்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே கட்டிவிடுகிறார்கள். அவள் கூசிப்போய் அழுகிறாள். அம்மா ஏணி போட்டு ஏறி, ஊரே பார்க்க அதைக் கழற்றுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

மகள் இரண்டே நாளில் படித்துவிட்டாள். தாள்களை மேசையில் வைத்து, "அந்தம்மா ரொம்ப நல்லவங்களா இருக்காங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீ கழட்டலியேம்மா" என்றாள் அடுத்து.

ஏழாவது படிக்கும்போது அவளுக்கும் அப்படி ஒரு பேனர் வைத்தோம். பட்டுப்புடவை, தலையில் கிரீடம், கீழே வரிசையாகக் கும்பிட்டபடி மாமன்கள். பையன்கள் அதன் முன்னால் கூடி நின்று சிரிக்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். "நாலு நாள்தானே, பொறுத்துக்கோ. மாமா ஆசையா வச்சது" என்றேன். அந்த வாரம் முழுவதும் வயிற்றுவலி என்று படுத்துக் கிடந்தாள். நானும் நம்பிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

"நாலு நாளா?" என்றாள் இப்போது. "மாமா வீட்டு மாட்டுக் கொட்டாய்ல இன்னும் நான் தொங்கிக்கினுதான் இருக்கேன். அதனாலதான் நான் அங்க வர்றதே இல்ல."

அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில்தான் அண்ணன் வீடு. சாரலுக்கு மறைப்பாக, சாலையைப் பார்த்தபடி அந்தப் பேனரைக் கொட்டகையில் கட்டியிருந்தார். மூன்று வருஷமாக நான் அதற்கடியில் உட்கார்ந்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துத் தின்றிருக்கிறேன். இவள் வராததற்குச் செல்போன்தான் காரணம் என்று அண்ணியிடம் குறை சொல்லிக்கொண்டே தின்றிருக்கிறேன். ஊருக்கெல்லாம் கதை எழுதுகிறவளுக்கு இது கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். அவள் உள்ளே வராமல் சாலையிலேயே நின்றுகொண்டாள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாம்மா, மழக்காலத்துல போய்க் கழட்டுறேங்கிற? புள்ள மூஞ்சப் பாத்துக்கினுதான் தெனமும் பால் கறக்கிறேன்."

"அவளுக்குப் புடிக்கலண்ணே."

அவர் சாலையில் நின்றவளைப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"எங்கிட்ட சொன்னாண்ணே. நான்தான் கேக்கல."

அண்ணனே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டார். கம்பி முடிச்சை அவிழ்ப்பதற்குள் கூரைத் தகரம் என் கையைக் கிழித்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில், சுருட்டிய பேனரைக் காலடியில் போட்டுவிட்டு, மகள் தன் கர்ச்சீப்பால் என் கையைக் கட்டினாள்.

"கதையில வர்ற அம்மாவுக்கு ஒரு கீறல்கூட விழல" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "மாத்தி எழுதிடுறேன்."

"மூணு வருஷம் கழிச்சுத்தான் கழட்டுனாங்கன்னு எழுது."

"சரி. அந்தப் பொண்ணு அம்மாவ மன்னிச்சிட்டான்னு எழுதலாமா?"

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுகிறவரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எழுது" என்றாள். "ஆனா கடைசிப் பக்கத்துல."