அவள்ட்ட கேட்டியா?

எனக்கு அப்போது பதினேழு வயது. புதுக்கோட்டையில் ஹைஸ்கூல் கடைசி வகுப்பு. உலகச் சண்டைக்காலம்; பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. அப்படி ஒரு பஸ்ஸில் புகையைத் தின்றுகொண்டே வந்து, ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையில் இறங்கினேன். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அன்னவாசலில் ஜவுளிக்கடை வைத்திருந்த மாமா, என் ஆத்தாவின் தம்பி, முந்தின நாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து, "தை பொறந்ததும் பரிசம் போட்டுருவோம் மாப்ளே" என்று தோளில் தட்டிவிட்டுப் போயிருந்தார்.

மாமா மகள் எனக்குத்தான் என்பது அவள் பிறந்த அன்றே இரண்டு வீட்டிலும் பேசி முடித்த சங்கதி. எனக்கும் அவளைப் பிடிக்கும். திருவிழாவுக்குப் போகும்போது ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அதைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் கனவு கண்டுகொண்டிருப்பேன்.

அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். வயலும் வீடும் ஆத்தா பொறுப்பு. அன்றைக்குக் களத்தில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மாமா சொன்னதைச் சொன்னேன்.

"அவ ஒனக்குன்னு யாரு சொன்னது?"

"எல்லாருந்தான்."

"அவ சொன்னாளா? அவள்ட்ட கேட்டியா?"

நான் சிரித்தேன். ஆத்தா சிரிக்கவில்லை.

"என்னைய யாரும் கேக்கலடா. பதிமூணு வயசுல கழுத்த நீட்டுனேன். ஒங்கப்பா நல்ல மனுசரா அமைஞ்சாரு, அது என் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்த நம்பி இன்னொரு பிள்ளைய நான் கூட்டியார மாட்டேன். நாளைக்கு அன்னவாசல் போறோம். நீ கேக்குறே."

"தனியா எப்படி ஆத்தா பேசுறது?"

"தனியா எதுக்கு? நான் இருக்கேன்ல. ஒளிஞ்சு நின்னு கேக்குற சங்கதியா இது?"

மறுநாள் போனபோது மாமா கடையில் இருந்தார். அத்தை தண்ணீருக்குப் போயிருந்தாள். கொல்லையில் மாமா மகள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆத்தாவும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள். நான் நிலையைப் பிடித்தபடி நின்று, எப்படியோ கேட்டேன்: "என்னையக் கட்டிக்க ஒனக்குச் சம்மதமா?"

கீரை உருவும் கை நின்றது. "நீங்களாக் கேக்குறீங்களா அத்தான், இல்ல அயித்தை கேக்கச் சொன்னாங்களா?"

"ரெண்டுந்தான்."

"வேண்டாம்னா என்ன செய்வீங்க?"

நான் ஆத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். ஆத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் செய்யமாட்டேன்" என்றேன்.

"அப்ப வேண்டாம்."

"ஏன்?"

"அது ஒனக்குத் தேவையில்லடா," ஆத்தா குறுக்கே வந்தாள். "கேட்டே. சொல்லிட்டா."

அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. "அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாங்க அயித்தை."

"நீ வாயத் தொறக்காதே. நான் பாத்துக்கிறேன்."

தெருவில் இறங்கியதும், எனக்கு வேண்டாம் என்று நானே மாமாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஆத்தா கூடாது என்று தலையை ஆட்டினாள். "நீ வேண்டாம்னா அவ மேல என்ன குறைன்னு ஊரு தேடும். நான் சொன்னா, பொல்லாத பொம்பளைன்னு என்னையத்தான் பேசும். பேசட்டும்."

நேரே கடைக்குள் ஏறி, வாடிக்கைக்காரர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு, "தம்பி, என் மகனுக்கு வெளியிலதான் பொண்ணு எடுக்கப்போறேன். எனக்குச் சொந்தத்துல மனசில்ல" என்றாள். மாமா முழக்கோலைத் தரையில் வீசி எறிந்தார். "இனிமே நீ என் வாசப்படி மிதிக்காதே" என்றார். ஆத்தாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் ஒரு வார்த்தைகூட மாற்றிச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுகை வந்தா வீட்டுல வந்து அழு," என்றாள். "அந்தத் தெருப்பக்கம் சுத்தாதே. கூட்டாளிக கிட்ட அவளப் பத்தி ஒரு சொல்லு பேசாதே. அவ வேண்டாம்னது ஒனக்கு அவமானமில்ல. ஒன் மூஞ்சிக்கு நேரா அதச் சொல்ல அவளுக்குத் தைரியம் வந்துச்சு பாரு, ஒன்னைய நான் வளத்ததுக்கு அது போதும்."

போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. பரீட்சை முடிகிறவரை நெஞ்சு கனத்துத்தான் கிடந்தது. ஆனால் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. நண்பர்கள் கேட்டபோது "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று பேச்சை மாற்றினேன். அந்தத் தையில் மாமா வீட்டுப் பொங்கல் சீர் வரவில்லை. அடுத்த வருசமும் வரவில்லை. பொங்கல் அன்று காலையில் ஆத்தா வாசலைப் பார்ப்பாள். பிறகு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அதற்கடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம். மாப்பிள்ளை பொன்னமராவதிப் பக்கம் வாத்தியார். எங்களுக்குச் சொல்லிவிடவில்லை. ஆத்தா ஒரு சேலை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பந்தல் முகப்பில் மாமா எங்களைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து மணப்பெண்ணே வந்து, ஆத்தா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கொஞ்ச நேரம் கழித்து மாமா என்னிடம் வந்து, "பந்தியில ஆளு பத்தல, சாம்பார் வாளியப் பிடி" என்றார். பிடித்தேன். பந்தி முடிகிறவரை பரிமாறினேன்.

திரும்பி வரும்போது ஆத்தா சொன்னாள்: "ஒனக்குப் பொண்ணு பாக்கப் போற எடத்துலயும் நீதான் கேக்கணும். ஊரு சிரிச்சாலும் கேளு."

நாலு வருசம் கழித்து ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில், பெரியவர்கள் முன்னால் கேட்டேன். சிரிக்கத்தான் செய்தார்கள். அந்தப் பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அவளுக்குச் சம்மதம் என்று சொல்லி அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வர ஒரு மாதமாயிற்று. அதுவரை நானும் ஆத்தாவும் காத்திருந்தோம்.