மதர்போர்டில் வைத்த சிவப்புப் பொட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய மதர்போர்டு கிடக்கிறது. உப்புக் காற்றில் அதன் திருகாணித் துளைகளெல்லாம் பச்சை பூத்துவிட்டன. மூலையில் நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. வைத்தவள் என் மதினி, அண்ணனின் மனைவி. கணினிப் பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா என்று பார்த்துச் சொல்கிற மென்பொருள் ஒன்றைத் தமிழில் செய்யலாம், வேலையை விட்டுவிட்டு வா என்று என் தோழி கூப்பிட்ட நாளிலிருந்து, அந்தப் பொட்டு என்னை முறைக்கிறது. இருக்கிற வேலையை விடுமளவுக்கு அது செய்யத் தகுந்த காரியம்தானா என்று எனக்குச் சந்தேகம். சந்தேகப்படுவது எனக்கு மதினியிடமிருந்து ஒட்டிக்கொண்ட குணம்.

மதினி கடலோரத் திரேஸ்புரத்துக்காரி, படகு வைத்திருக்கும் குடும்பம். படகு எஞ்சினை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது கழற்றக்கூடிய ஒவ்வொரு பாகத்திலும் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் விடுவார்கள் அவள் வீட்டில். நல்ல பாகத்தை உருவிக்கொண்டு தேய்ந்ததை மாட்டிவிடுவார்களோ என்ற பயம். மெக்கானிக் சொந்த மாமாவாக இருந்தாலும் பொட்டு உண்டு, மாமாவும் அதற்கு முகம் சுளிப்பதில்லை. "நம்ப நட, நம்பி நடவாதே" என்று அவள் சொல்லும்போது அது பழமொழி மாதிரியே இருக்காது, வீட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்று சொல்வது மாதிரி இருக்கும்.

துறைமுகத்தை ஒட்டி, கப்பல் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்து அனுப்புகிற ஒரு கிளியரிங் ஆபீசில் அவள் வேலை பார்த்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் போய்வர முடியவில்லை. லாரிகளுக்கான சீட்டுகளை வீட்டிலிருந்தே அடித்துக் கொடுக்கட்டும் என்று ஆபீசில் ஒப்புக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில் சீட்டு வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த வேலையை விட அவளுக்கு மனமே இல்லை. அண்ணன் அப்போது கப்பலில் இருந்தான். ஏதோ ஒரு இணையதளத்தில் பாகங்களைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் எதிரே சேரும் என்று பச்சை டிக் விழுந்திருக்கும் படத்தை அனுப்பிவைத்தான். மதினி அதை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்தச் சாமானை விக்கவன்ட்ட கமிஷன் வாங்கிட்டுத்தான் இவன் பச்சை போடுதான்."

ஆனாலும் வாங்கத்தானே வேண்டும். கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பெட்டியையும் பிரிக்கப் பிரிக்கக் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்துப் பொட்டு வைத்தாள். ராம், மதர்போர்டு, மின்விசிறி, ஒன்று விடவில்லை. கடை அண்ணாச்சி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "ஏம்மா, என்னையப் பாத்தா களவாணி மாதிரியா இருக்கு?" என்றார். "அப்படி இல்ல அண்ணாச்சி, எங்க வீட்டு வழக்கம்" என்று சொல்லி அடுத்த பெட்டியை நகர்த்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மாட்டி முடிக்கும்வரை ஸ்டூலை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் கணினி நன்றாகவே ஓடியது. சனிக்கிழமை மத்தியானம் ஆபீசிலிருந்து பிரிண்டரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரே அடியில் பல நகல் விழுகிற கார்பன் தாளுக்கான பழைய காலத்துப் பிரிண்டர், கடகடவென்று சத்தம் போடுவது. அதன் வயரின் முனை உள்ளங்கை அகலம் இருந்தது. கணினியின் முதுகில் அதைச் செருக இடமே இல்லை. "இதுல இருந்த ஓட்டைய அடைச்சு அனுப்பிட்டான்ளா" என்று சொல்லிக் கணினியை ஆட்டோவில் ஏற்றினாள் மதினி.

அண்ணாச்சி மூடியைக் கழற்றினார். பொட்டுகளெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. திருடனைப் பிடிக்க அவள் வைத்த அடையாளம் அவருக்குச் சாட்சி சொல்லிவிட்டது. "புது போர்டுல இந்த வாய் வராதும்மா. தனியா ஒரு கார்டு மாட்டலாம். மதுரையில இருந்து வரணும், புதனாவது ஆகும்" என்றார். பாகங்கள் ஒன்றோடொன்று சேருவதைத்தான் அந்த இணையதளம் பார்த்தது. அவள் வீட்டில் என்ன இருக்கிறது, எதற்காக வாங்குகிறாள் என்று அது கேட்கவே இல்லை.

மதினி ஸ்டூலில் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். திட்டுவதற்கு எதிரே ஆள் இல்லாமல் போனதுதான் அவளை அழவைத்தது என்று நினைக்கிறேன். அண்ணாச்சி எழுந்து கல்லாவுக்குப் பக்கத்தில் பில் போட வைத்திருந்த தன் பழைய கணினியின் வயர்களை உருவினார். அதில் அந்த அகல வாய் இருந்தது. "கார்டு வர்ற வரைக்கும் வச்சிக்கோங்க. நான் கையால எழுதிக்கிடுதேன்."

மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு நெயில் பாலிஷை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நீங்க பொட்டு வச்சிக்கோங்க அண்ணாச்சி."

வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து, உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் நிதானமாகப் பொட்டு வைத்துவிட்டுத்தான் கொடுத்தார். இருவருக்கும் அதில் வருத்தமே இல்லை. திங்கட்கிழமை காலையில் எங்கள் வீடு கடகடவென்று அதிர்ந்தது.

அந்த வேலை இன்றும் அவளிடம்தான் இருக்கிறது. கணினியைத்தான் மாற்றிவிட்டாள், பழைய மதர்போர்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். போன வாரம், வேலை போக மீதி நேரத்தில் தோழியும் நானும் செய்த மென்பொருளின் முதல் வடிவத்தை அவளிடம் காட்டினேன். பாகங்களைத் தேர்ந்தெடுத்தாள், பச்சை டிக் விழுந்தது. "என் பிரிண்டரை இதுல எங்கன போட?" என்றாள். அதற்கு இடமில்லை. இத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்த நானே இடம் விடவில்லை. "இதுக்கு யாரு துட்டு குடுக்கா?" என்பது அடுத்த கேள்வி. கடைக்காரர்கள் கமிஷன் தருவார்கள் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு எரிச்சல் வந்தது, பிறகு பயம் வந்தது.

பச்சை டிக்கை எடுத்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை முதல் கேள்வியாக வைத்தேன். கமிஷன் வேண்டாம் என்று தோழிக்கு எழுதினேன். அப்படியானால் எதை வைத்துச் சாப்பிடுவது என்று பதில் வந்தது. அவள் கேட்டதும் நியாயம்தான். நேற்று மதினி வந்திருந்தபோது சுற்றி வளைக்காமல் கேட்டேன், வேலையை விட்டுவிட்டு இதைச் செய்யலாமா என்று.

அவள் இழுப்பறையிலிருந்து அந்த மதர்போர்டை எடுத்துப் பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அது பெயரவில்லை.

"செய்யிளா, நல்ல காரியந்தான்" என்றாள். "ஆனா நீ என்ன சொன்னாலும், நான் கடையில போயி பொட்டு வச்சிட்டு உக்காரத்தான் செய்வேன்."